வெறும் முடிச்சு

பெரியவளே, சின்னவனே,

பரணில் இருந்த தகரப் பெட்டியைக் கிளறி அந்த நூல் மாலைகளை வெளியே இழுத்துப் போட்டது நீங்கள் இரண்டு பேரும்தான். "இன்னாப்பா இது, சாமியாரு கழுத்துல போடறதா?" என்று சின்னவன் சிரித்தான். பெரியவள் ஒவ்வொன்றாகத் தரையில் நீட்டி வைத்துப் பார்த்தாள். எல்லா நூலிலும் விரல் அகலத்துக்குத் துணித் துண்டுகள் வரிசையாகக் கட்டியிருக்க, ஒரே ஒரு நூலில் மட்டும் துணியே இல்லாமல் வெறும் முடிச்சாகப் போவதைக் கண்டுபிடித்தது அவள்தான். "இது மட்டும் ஏம்பா இப்படி?" என்று கேட்டாள். "அப்புறம் சொல்றன்" என்று சொல்லிவிட்டு நான் மிஷினில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வருமா என்று பார்க்கிறேன். எட்டாவது வரைக்கும் படித்தவன் எழுதுவது, தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

கள்ளக்குறிச்சியில் நான் முதன்முதலாக மிஷின் போட்டது ஒரு ஜாக்கெட் பிட் கடையின் வாசலில். உள்ளே துணி, வெளியே நான். புடவையைக் கொண்டுவந்து அதற்குச் சேருகிற பிட்டை உள்ளே எடுப்பார்கள், அளவு ஜாக்கெட்டோடு அதை என்னிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். உள்ளே நின்று நிறம் பார்த்து எடுத்துக் கொடுத்தவர்தான் அவர். எல்லோருக்கும் அவர் மேட்சிங் அண்ணன். நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் எப்போதும் வெள்ளைச் சட்டைதான் போடுவார். பகட்டுக்கு இல்லை. நிறச் சட்டை போட்டால் அந்த நிறம் கையில் இருக்கிற துணிமேல் அடிக்கும் என்பார். கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எதையும் நம்பமாட்டார். புடவை மடிப்புக்குள் பிட்டைச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்து, என் மிஷினைத் தாண்டி தெருவில் இறங்கி, வெயிலில் நின்று பார்ப்பார். சைக்கிள்காரன் மணி அடிப்பான். நகரமாட்டார். பார்த்து முடித்து இரண்டில் ஒன்று சொல்வார். "ஒட்டுது." இல்லையென்றால், "ஒட்டல." ஏறக்குறைய ஒட்டுது என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. உங்களுக்குத் துணி எடுக்கும்போது நான் கடையை விட்டு வெளியே ஓடுகிறேன் என்று கிண்டல் செய்கிறீர்களே, அந்தப் பழக்கம் அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான்.

ஒருமுறை நைனார்பாளையத்திலிருந்து ஒரு அம்மா வந்தது. மகளுக்கு நிச்சயதார்த்தம். மயில்கழுத்து நிறத்தில் புடவை, திருப்பத் திருப்ப பச்சையும் நீலமும் மாறுகிற ரகம். அண்ணன் அடுக்கு அடுக்காக இறக்கிப் பார்த்தார். வெயிலுக்கும் கடைக்குமாக நடந்தார்.

"அண்ணே, பஸ்ஸு பூடும். எதுனா ஒண்ணு கிழிச்சிக் குடுங்க."

"ஒட்டலம்மா."

"தோ, இது இன்னா கொறச்சலு? எனக்கு ஒண்ணும் வித்தியாசமா தெரியலியே."

"ஒரு பொட்டு பச்ச ஜாஸ்தி."

"ஒரு பொட்டுதான? இருந்துட்டுப் போவுது."

"இருந்துட்டுப் போவாதும்மா. அங்கியே நிக்கும்."

கல்லாவில் இருந்த முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "யோவ், நிச்சயத்துல எவன்யா ஜாக்கெட்ட வெயில்ல புடிச்சிப் பாக்கப் போறான்? மாப்புள்ளையா?"

"மாப்புள்ள பாக்க மாட்டாரு மொதலாளி. பின்னாடி ஒருநாளு புடவைய மடிக்கும்போது அந்தப் பொண்ணு பாக்கும்" என்றார் அண்ணன். அதோடு விடவில்லை. "எதிர் வரிசைக் கடையில மூணாவது அடுக்குல இருக்குதும்மா. நான் சொன்னன்னு கேளுங்க" என்று அனுப்பியும் வைத்தார்.

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "இவனுக்குச் சம்பளம் நான் குடுக்கறனா, எதிர்க் கடைக்காரன் குடுக்கறானா?"

ஆனால் அவரை வேலையை விட்டு எடுக்கவில்லை. சங்கராபுரத்திலிருந்து பஸ் ஏறி, வழியில் இருக்கிற கடைகளையெல்லாம் விட்டுவிட்டு, "மேட்சிங்காரரு இருக்காராங்க?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இருந்தார்கள்.

இனி நூலுக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கல்வராயன் மலைக்குப் போவார். கரியாலூர் பஸ்ஸில் ஏறி, மனசுக்குப் பட்ட இடத்தில் இறங்கி, அங்கிருந்து நடப்பார். கையில் ஒரு துணிப்பை. பைக்குள் கடையில் கிழித்து மீந்த பிட் துணிகள், விரல் அகலத்துக்கு நறுக்கி, நிறவாரியாகக் கட்டியவை. கூடவே ஒரு சின்னக் கத்தரியும் கொக்கி கட்டுகிற வெள்ளை நூலும். ஒரு பூவைப் பார்த்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக அதன் அருகில் வைத்துப் பார்ப்பார். பட்டாம்பூச்சி என்றால் அது உட்காருகிற வரைக்கும் நிற்பார். பிடிக்கமாட்டார். உட்கார்ந்த பிறகு அவர் கை நகர்வது கண்ணுக்கே தெரியாது. ஒட்டினால் அந்தத் துண்டை நூலில் கட்டுவார். மாசத்துக்கு ஒரு நூல். ஏன் இதைச் செய்கிறார் என்று நான் கேட்டதற்கு, "பாத்துட்டு சும்மா வர்றதுக்கு ஒரு மாதிரி இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

கல்யாணம் ஆகாத காலம் அது. எனக்கும் ஞாயிற்றுக்கிழமை போக வேறு இடமில்லை. அவரோடு போக ஆரம்பித்தேன். எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. பட்டாம்பூச்சிக்கு இறக்கையின் மேல் பக்கம் ஒரு நிறம், மூடினால் அடிப் பக்கம் வேறு நிறம். மேலே நல்ல நீலமாக இருக்கும், மூடினால் காய்ந்த சருகாகிவிடும். அதற்கு இரண்டு துண்டை முதுகோடு முதுகு வைத்துத் தைக்க வேண்டும். இறக்கையிலேயே இரண்டு நிறம் பாதிப் பாதியாக இருந்தால் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைக்க வேண்டும். அது என் பொறுப்பு. நீங்கள் பெட்டியிலிருந்து எடுத்த மாலைகளில் தையல் இருக்கிற துண்டெல்லாம் என் கை.

சித்திரை நூலைப் பாருங்கள். மேலே தொங்குவது கொன்றை. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் மஞ்சள் பூச்சிகள். உங்களுக்கு எல்லாம் ஒரே மஞ்சளாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வெயிலில் வைத்துப் பாருங்கள், ஒன்று எலுமிச்சை, ஒன்று கந்தகம், ஒன்று மோர்க்குழம்பு. ஆடி நூல் சின்னது. காற்றில் ஒன்றும் உட்காராது. ஐப்பசி நூலில் கறுப்பும் ஆகாச நீலமும் அடுத்தடுத்து வரும். அந்த மாசம் அந்தப் பூச்சிகள் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்குக் கூட்டமாகப் போகும். சாலையைக் கடக்கும்போது பஸ் டிரைவரே வேகத்தைக் குறைப்பார். மார்கழி, தை நூல்களில் பழுப்புதான் ஜாஸ்தி. மழைக்காலத்தில் அடிப் பக்கம் கண் கண்ணாகப் புள்ளி போட்டிருந்த பூச்சி, பனிக்காலம் வந்தால் புள்ளியெல்லாம் போய் சருகு நிறத்துக்கு வந்துவிடும். அதே பூச்சிதான் என்று அண்ணன் சொன்னார்.

"அதே பூச்சின்னு எப்படிண்ணே தெரியும்?"

"பறக்கறதப் பாரு. அதே தள்ளாட்டம்."

மலையில் ஒரு ஆடு மேய்க்கிற அம்மா இருந்தது. எங்களைப் பார்த்தாலே அதற்குச் சிரிப்பு. "தோ, வந்துட்டாரு துணிக்காரரு! எந்தப் பூவுக்கு இன்னிக்கி ஜாக்கெட்டு?" என்று மேட்டிலிருந்து குரல் கொடுக்கும். "பட்டாம்பூச்சிக்குக் கை வெச்சித் தைப்பீங்களா, கை இல்லாமயா?" என்று என்னைக் கேட்கும். ஆனால் எந்தப் புதரில் எது பூத்திருக்கிறது என்று காட்டுவதும் அதுதான். செங்காந்தளை மட்டும் காட்டாது. எங்கள் பக்கம் அதற்குக் கண்வலிப் பூ என்று பேர். உற்றுப் பார்த்தால் கண் நோவு வரும் என்று அந்த அம்மா நம்பியது. அண்ணன் அந்தப் பூவின் முன்னால்தான் ரொம்ப நேரம் உட்காருவார். அது மொட்டு விரியும்போது பச்சையாக இருக்கும், மஞ்சளாகி, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாகி, கடைசியில் முழுச் சிவப்பாகும். ஒரே கொடியில் எல்லாம் இருக்கும். ஒரு பூவுக்கே அவருக்கு முக்கால் முழ நூல் வேண்டும்.

"துணிக்காரரே, அத்த அப்படி உத்துப் பாக்காதீங்க. கண்ணு பூடும்" என்று அந்த அம்மா அதட்டும்.

"ஒட்டுதான்னு பாத்துட்டு எழுந்துடறன்" என்பார்.

வெறும் முடிச்சு என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பார்த்தேன், ஆனால் ஒட்டுகிற துணி என்னிடம் இல்லை. அண்ணன் கணக்கில் அதுதான் வெறும் முடிச்சு. எல்லா நூலிலும் இங்கொன்று அங்கொன்று இருக்கும்.

ஆவணி நூலில் இருக்கிற முடிச்சு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கரியாலூரில் பஸ் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. அதன் சுண்ணாம்புச் சுவரில், விடிய விடிய எரிந்த பல்புக்குக் கீழே, காலையில் ஒரு அந்துப்பூச்சி ஒட்டிக்கொண்டிருந்தது. என் உள்ளங்கை அளவு. கீழே இரண்டு வால். நிறம் பச்சை என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் பச்சையைத் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, மிச்சம் இருக்கிற ஈரத்தைப் பார்த்த மாதிரி ஒரு பச்சை. அண்ணன் பையில் இருந்த வெளிர் பச்சை எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. அந்தப் பூச்சிக்கு ஆயுசு கம்மி. அடுத்த வாரம் வேறு துணிகளோடு போனோம், வேறொன்று உட்கார்ந்திருந்தது, அதற்கும் ஒட்டவில்லை. மில்காரர்கள் கடைக்குக் கொண்டுவருகிற, நிறத்துக்கு ஒரு துண்டு ஒட்டிய ஷேடு கார்டையே முதலாளிக்குத் தெரியாமல் எடுத்துவந்து வைத்துப் பார்த்தார்.

"அண்ணே, இது கிட்டத்துல வருது. இதையே கட்டிடலாமே" என்றேன்.

"கிட்டத்துல வர்றது வேற பூச்சிக்குப்பா" என்று சொல்லி, வெறும் முடிச்சைப் போட்டார்.

பிறகு அந்தப் புரட்டாசி வந்தது.

நம் ஆட்கள் படிப்பிலும் வேலையிலும் தனிப் பங்கு கேட்டுப் போராடிய வருஷங்கள் அவை. சாலையில் மரத்தை வெட்டிப் போட்டு பஸ்ஸை மறித்தார்கள். போலீஸ் சுட்டது. செத்தவர்களும் உண்டு, வீடு எரிந்தவர்களும் உண்டு. கேட்டது நியாயம் என்றுதான் அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். பெரியவளே, உனக்குக் காலேஜில் இடம் கிடைத்தது அதனால்தான். அதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும்.

அந்த வாரம் கடைவீதி முழுக்க அடைப்பு. மலைக்குப் போகிற பஸ் மட்டும் ஓடுகிறது என்றார்கள். வரியா என்று அண்ணன் கேட்டார், போனோம். மத்தியானம் திரும்பி வர பஸ் இல்லை. நடந்தே இறங்கினோம். மலை முடிந்து சமவெளியைத் தொடுகிற இடத்தில் ஒரு புளியமரம் சாலைக்குக் குறுக்கே கிடந்தது. வெட்டி வெகு நேரம் ஆகியிருக்காது. பால் மாதிரி வெள்ளையாக இருந்தது வெட்டு வாய். மரத்தின்மேல் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கையில் கழியும் அரிவாளும்.

"எங்கேர்ந்து வரீங்க? இன்னா ஆளு?"

என்னைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். மாமன் பேரைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "நீ போண்ணே" என்றார்கள். "இவுரு?"

அண்ணன் எந்த ஆள் என்று எனக்கு அதுவரைக்கும் தெரியாது. கேட்டுக்கொண்டதில்லை. நான் யோசிக்கவே இல்லை. "எங்க பெரியம்மா புள்ளதான். நம்ம ஆளுதான். உடுங்கப்பா" என்றேன். அவர்களில் ஒருவன் வழிவிட்டு நகர்ந்தும் விட்டான்.

அண்ணன் நகரவில்லை.

"இல்லீங்க தம்பி. நான் இவுரு பெரியம்மா புள்ள இல்ல. நான் வேற ஆளு" என்றார். புடவை கொண்டுவருகிறவர்களிடம் "ஒட்டல" என்று சொல்கிற அதே குரல்.

ஒருவன் சிரித்தான். "இன்னாடா இது, போலாம்னு உட்டாலும் போவாம நின்னுகினு பேசறாரு!" இன்னொருவன், கொஞ்சம் வயசானவன், "வேற ஆளுன்னா இருந்துட்டுப் போறாரு, வழிய உடு. மொதல்ல பையில இன்னா இருக்குதுன்னு பாரு" என்றான்.

பையைக் கவிழ்த்தார்கள். நிற நிறமாகத் துணி. அதில் கறுப்பும் சிவப்பும் ஓரத்தோடு ஓரமாகத் தைத்த துண்டு ஒன்று வெளியே வந்து விழுந்தது. மலையில் கறுப்பு இறக்கையும் சிவப்பு உடம்புமாக ஒரு பூச்சி உண்டு, அதற்காக நான் தைத்துக் கொடுத்தது. கொடி மாதிரியே இருந்தது. கையில் எடுத்தவன் முகம் மாறிவிட்டது.

"கட்சிக் கொடிய எங்கய்யா எடுத்துகினு போற? எங்கள எதுத்து நட்டு வெக்கவா?"

"அது கொடி இல்லீங்க" என்றார் அண்ணன். "பட்டாம்பூச்சி."

அவர் நையாண்டி பேசுகிறார் என்று அவர்கள் நினைத்துவிட்டார்கள். யார் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். "பட்டாம்பூச்சியா? எங்களப் பாத்தா எப்படிடா இருக்குது?" என்று ஒரு குரல். ஒரு கழி உயர்ந்தது. தோளில்தான் பட்டது. ஆனால் அவர் பின்னால் சாய்ந்தார். பின்மண்டை வெட்டிப் போட்ட மரத்தில் மோதியது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை.

அதே பிள்ளைகள்தான் பக்கத்து வீட்டிலிருந்து கயிற்றுக் கட்டில் கொண்டுவந்தார்கள். ஒருவன் தன் துண்டை அவிழ்த்து மண்டையில் கட்டினான். சாலை முழுக்க மரம் கிடந்ததால் வண்டி வர வழியில்லை. நான்கு மூலையையும் நான்கு பேர் பிடித்து, குறுக்கே கிடந்த ஒவ்வொரு மரத்தையும் கட்டிலோடு ஏறி இறங்கித் தாண்டினோம். மறித்தவர்கள் அடுத்த மரத்தில் மறித்தவர்களிடம், "உடுங்கடா, உடுங்கடா, அடிபட்டவரு" என்று கத்திக்கொண்டே வந்தார்கள். அடித்த கை அந்தக் கட்டிலைப் பிடித்த கைகளில் ஒன்றா என்று எனக்குத் தெரியாது. நான் யார் கையையும் பார்க்கவில்லை. கட்டில் கால் மரத்தில் இடிக்காமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

பிழைத்துக்கொண்டார். தையல் போட்டார்கள். கட்டு பிரித்து, தலை மயிர் முளைத்து, ஐப்பசியில் கடைக்கு வந்தார். அதே வெள்ளைச் சட்டை. எல்லோரும் விசாரித்தார்கள். முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார்.

முதல் புடவை வந்தது. பிட்டைச் செருகிக்கொண்டு தெருவில் இறங்கினார். நின்றார். சைக்கிள்காரன் மணி அடித்தான். இன்னும் நின்றார். நான் ஒரு கை முழுக்கத் தைத்து முடித்துவிட்டேன், அவர் அங்கேயே நின்றார். திரும்பி உள்ளே போய்ப் புடவையை மடித்து அந்த அம்மாவிடம் கொடுத்தார். கல்லாவுக்கு வந்தார்.

"மொதலாளி, எனக்கு நெறம் தெரியல."

"இன்னாய்யா சொல்ற?"

"கட்டு பிரிச்சா சரியாப் பூடும்னு இருந்தன். எல்லாம் சாம்பலா இருக்குது. வெளுப்பு இருக்குது, இருட்டு இருக்குது. நெறம் இல்ல."

பின்மண்டையில் அடிபட்டால் சில பேருக்கு இப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார். திரும்புமா என்று கேட்டதற்குச் சொல்ல முடியாது என்றார்.

முதலாளி கெட்டவர் இல்லை. நானும் அவரும் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தோம். துணிக்கட்டு ஒவ்வொன்றிலும் ஷேடு நம்பர் உண்டு. அண்ணனுக்கு எந்த நம்பர் எந்த நிறம் என்று மனப்பாடம். நானே அவரிடம் போய்ச் சொன்னேன். "அண்ணே, நம்பரப் பாத்துக் குடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"புடவைக்கு நம்பர் ஏதுப்பா?" என்றார்.

அவரை லைனிங் துணிக்கும் பாவாடை நாடாவுக்கும் மாற்றினார்கள். அங்கே அளந்து கிழித்தால் போதும். "மேட்சிங்காரரு இருக்காராங்க?" என்று கேட்டு வருகிறவர்களிடம், "இருக்கன், ஆனா பாக்கறதில்ல" என்று அவரே சொல்வார். வருத்தமாகச் சொல்லமாட்டார். கடை இன்றைக்கு அரை நாள் என்று சொல்கிற மாதிரி சொல்வார்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "மலைக்கு வரியா?" என்று கேட்டார். அவர் கேட்டபோது நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். சரி என்றேன்.

வெட்டிய மரங்களை ஓரத்தில் தள்ளியிருந்தார்கள். பஸ் அந்த இடத்தைத் தாண்டும்போது அவர் முன்னால் பார்த்துக்கொண்டு வந்தார். மலையில் மழை விட்டு நல்ல வெயில். ஆடு மேய்க்கிற அம்மா மேட்டிலிருந்து குரல் கொடுத்தது. "எங்க துணிக்காரரே, ரெண்டு மாசமா ஆளே காணம்? பூவெல்லாம் ஜாக்கெட்டு இல்லாம நின்னுகினு இருக்குது!" நான்தான் போய் விஷயத்தைச் சொன்னேன். மரத்தையும் அடியையும் சொல்லவில்லை. கண்ணில் நிறம் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன்.

அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவரையே பார்த்தது. "நான் அப்பவே தலபாடா அடிச்சிகினன். அத்த உத்துப் பாக்காதன்னு. கேட்டாரா?" என்றது. அதன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கோபத்தோடு ஒரு கல்லை எடுத்து, வேலியில் படர்ந்திருந்த கண்வலிப் பூவை நோக்கி எறிந்தது. அண்ணன் ஒன்றும் மறுத்துச் சொல்லவில்லை. அவர் மறுத்துச் சொல்லாமல் விட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தக் கொடியின் முன்னால் போய் வழக்கம்போல உட்கார்ந்தார். பையிலிருந்து நூலை எடுத்தார். துணிக் கட்டுகளை எடுக்கவில்லை.

"இன்னா நெறத்துல இருக்குது?" என்று என்னைக் கேட்டார்.

"செவப்புண்ணே."

"எந்தச் செவப்பு?"

நான் பார்த்தேன். அத்தனை வருஷம் அவரோடு நடந்தும், துணியிலேயே பிழைத்தும், எந்தச் சிவப்பு என்று சொல்ல எனக்கு ஒரு சொல் வரவில்லை. குங்குமம் இல்லை. செங்கல் இல்லை. மிளகாய்ப் பழமும் இல்லை. "சொல்லத் தெரியலண்ணே" என்றேன்.

"சரி" என்று சொல்லி நூலில் ஒரு வெறும் முடிச்சு போட்டார்.

கறுப்பும் ஆகாச நீலமுமான பூச்சிகள் நாலைந்து தாழப் பறந்துபோயின. "நீலம் போட்டதுங்க" என்றார் அவரே. நான் ஆசையோடு, "தெரியுதாண்ணே?" என்று கேட்டேன்.

"பறக்கறது தெரியுது."

"அப்ப அதுக்கான துணி இருக்குதே. கட்டலாமே. நீலம் ஒங்களுக்கு ஞாபகம் இருக்குமே."

"ஞாபகம் இருக்குது. ஞாபகத்த கட்டக் கூடாதுப்பா. பாத்தாதான் கட்டணும்."

அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் நடந்தோம். ஒவ்வொரு பூவுக்கும், உட்கார்ந்த ஒவ்வொரு பூச்சிக்கும் நின்றார். முன்பு நிற்கிற அதே நேரம் நின்றார். ஒவ்வொன்றுக்கும் ஒரு வெறும் முடிச்சு. பெரியவளே, நீ கேட்டது அந்த நூலைத்தான்.

தை மாசம் அவர் வேலையை விட்டுவிட்டு சங்கராபுரம் பக்கம் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது நூல் மாலைகளையெல்லாம் ஒரு பிட் துணியில் சுற்றி என் மிஷின்மேல் வைத்தார். "எனக்கு எல்லாம் ஒண்ணுதான். ஒனக்குத் தெரியும்" என்றார். பஸ் ஏற்றிவிட நான் போகவில்லை. ஒரு கல்யாண ஆர்டர் இருந்தது. மிஷினிலிருந்து தலையைத் தூக்கி, "போய்ட்டு வாங்கண்ணே" என்று சொன்னேன். சில வருஷம் கழித்து அவர் இறந்துபோய்விட்டதாக முதலாளி சொன்னார். எல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நான் அன்றைக்கும் தைத்தேன். என்ன தைத்தேன் என்று ஞாபகமில்லை.

இவ்வளவுதான். நீங்கள் மாலைகளை எடுத்துப் போட்ட பிறகு நடந்த ஒன்றை மட்டும் சேர்த்து எழுதுகிறேன்.

ஆவணியில் என் கடைக்கு ஒரு லைனிங் துணி வந்தது. வெளிர் பச்சை. கட்டைப் பிரித்ததும் என் கை நின்றுவிட்டது. உங்கள் அம்மாவிடம் நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஒரு சாண் துணியை மடித்து, கத்தரியும் நூலுமாகப் பையில் வைத்துக்கொண்டு, முதல் பஸ்ஸில் கரியாலூர் போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் போனேன். டீக்கடைச் சுவர் இப்போது டைல்ஸ் போட்டிருக்கிறது, அதில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் பஸ் நிழற்குடையின் சுவரில், விளக்குக்குக் கீழே, அது இருந்தது. உள்ளங்கை அளவு. இரண்டு வால்.

நிழலில் துணியை அருகில் வைத்துப் பார்த்தேன். ஒட்டியது. கத்தரியைக் கூட வெளியே எடுத்துவிட்டேன். பிறகு அவர் ஞாபகம் வந்து, வெயில் சுவருக்கு வருகிற வரைக்கும் காத்துக்கொண்டு நின்றேன். மலைமேல் வெயில் ஏறி, மெதுவாகச் சுவரில் இறங்கி, இறக்கைமேல் விழுந்தது. மறுபடி துணியை வைத்தேன்.

ஒரு பொட்டு மஞ்சள் ஜாஸ்தி.

அங்கே யாரும் இல்லை. பஸ் வர நேரம் இருந்தது. துணியை மடித்துப் பையில் வைத்தேன். நூலை எடுத்து வெறும் முடிச்சு ஒன்று போட்டு, இறுக்கி, மிச்ச நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.